கரமனைக் கரையிலிருந்து: அல்பேனியச் சம்பந்திகள்

பண்டிகைக் காலத்துப் புகைவண்டி இடஒதுக்கீட்டில் நம்மவர் படும் தொல்லைகளைப் பற்றி இத்திங்கள் எழுதுவதாகச் சென்ற இதழில் வாக்களித்திருந்தோம். அதனை அடுத்த திங்களுக்குத் தள்ளிவைத்தமைக்கு மன்னிப்புக் கோருகிறோம். கரமனையில் நம் தெருவில் நடந்தேறிய ஒரு திருமணத்தைப் பற்றி இப்போது எழுதாவிடில் பின்னர் எழுதும் துணிவு நமக்கு இராது என்று தோன்றிற்று. ஒரு திருமணத்தைப் பற்றி எழுதத் துணிவு எதற்கு என்று கேட்பீர்கள். சற்றுப் பொறுத்தருள்க, போகப் போகத் தெரியும்.

மணமகள் நம் தெருப் பெண். அவள் தந்தையாரை நாம் அண்ணாச்சி என்றழைப்பது வழக்கம். புகைவண்டிப் பார்சல் அலுவலகத்தில் நாம் எழுத்தராகச் சேர்ந்த நாளில், சீட்டு எழுதவும், கணக்கை நாள்முடிவில் சரிகட்டவும் கைப்பிடித்துக் கற்பித்தவர் அவரே. ஓய்வு பெற்றுச் சில ஆண்டுகளாயின. ஒரே மகள். மேற்படிப்புக்காக இத்தாலிய நாட்டுக்குச் சென்றாள். அங்கே உடன் பயின்ற இளைஞரொருவரை மணக்க விரும்புவதாகக் கடிதம் எழுதினாள். ஆம், கடிதமேதான். கைப்பேசியில் சொல்லியிருக்கலாம், ஆனால் இத்தகைய செய்தியை அப்பா தனித்திருந்து இரண்டு முறை படிக்க வேண்டும் என்று அவள் எண்ணினாள் போலும். அண்ணாச்சி அதனை இருபது முறை படித்தார் என்பதை நாம் அறிவோம். மணமகன் இத்தாலியரல்லர், இத்தாலியில் குடியேறிய அல்பேனியக் குடும்பத்தில் பிறந்தவர்.

“அல்பேனியாவா? அது எங்கே இருக்கிறது?” என்று தெருவே கேட்டது. நாமும் கேட்டோம். பின்னர்த் தேசப்படத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டோம். இத்தாலிக்குக் கிழக்கே, ஒரு சிறு கடலைக் கடந்தால், கிரீசு நாட்டுக்கு வடக்கே உள்ளது அந்நாடு. பரப்பு 28,748 சதுர கிலோமீட்டர். நம் கேரள மாநிலத்தைவிடச் சிறியது. 2023ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்குள்ளோர் ஏறத்தாழ 24 இலட்சம் பேர். திருவனந்தபுரம் மாவட்டத்தில் மட்டும் 2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி 33 இலட்சம் பேர். ஆகவே நம் மாவட்டத்துக்குள் அந்நாட்டையே அடக்கிவிடலாம். ஆயினும் அந்நாட்டினத்தாருள் ஒருவரை அறியாத இந்தியர் இல்லை. அன்னை தெரசா அல்பேனியப் பெற்றோருக்கு 1910ஆம் ஆண்டில் ஸ்கோப்பியே நகரில் பிறந்தவர். 1929இல் கல்கத்தா வந்து சேர்ந்தவர். “மாப்பிள்ளை எந்த ஊர்?” என்று கேட்டவர்க்கெல்லாம், “மதர் தெரசா இனத்தவர்” என்று அண்ணாச்சி விடை சொல்லிப் பழகினார். கேட்டவர்கள் அதற்குமேல் பேச வாயடைத்துப் போயினர். புனிதவதி ஒருவரின் பெயரைச் சொல்லித் தெருவாயை அடக்க வேண்டியிருக்கிறதே என்று அவர் நம்மிடம் தனியே வருந்தியதும் உண்டு.

அண்ணாச்சியின் மனைவியார் அழுது ஓய்ந்தார். அண்ணாச்சி மூன்று வாரம் பேசாதிருந்து, பின்னர் ஒப்பினார். ஒப்பாதவர் அவர் தாயார் ஒருவரே. எண்பத்திரண்டு வயது. தெருவுக்கெல்லாம் ஆச்சி. நாகர்கோவிலிலிருந்து மணப்பெண்ணாய்க் கரமனைக்கு வந்தவர். சாதியைச் சொல்லியும் சமயத்தைச் சொல்லியும் மற்றவர் எதிர்த்தனர். ஆச்சி அவற்றைச் சொல்லவில்லை. “என் பேத்தி பிள்ளை பெற்றால், அது என்னோடு எந்தப் பாஷையில் பேசும் மக்களே?” என்பதுதான் அவர் கேட்ட ஒரே கேள்வி. அதற்கு யாரிடமும் விடை இல்லை. கலியாண நாளன்று தாம் நாகர்கோவிலில் இளைய மகன் வீட்டில் இருக்கப் போவதாகவும், பயணச்சீட்டு வாங்கித் தருமாறும் நம்மிடமே சொல்லியனுப்பினார். புகைவண்டி உத்தியோகத்தில் இருப்போர்க்கு இப்படியும் ஒரு சங்கடம்!

நிற்க. இனி நம் கதைக்கு வருவோம்.

இம்மணம் 1954ஆம் ஆண்டின் தனித் திருமணச் சட்டப்படி நடப்பதாக முடிவாயிற்று. வெவ்வேறு சமயத்தவரும் வெவ்வேறு நாட்டவரும் தத்தம் சமயத்தை மாற்றிக்கொள்ளாமலேயே மணந்துகொள்ள வழிசெய்யும் சட்டம் அது. அச்சட்டப்படி திருமண அலுவலர் முன்னிலையில் மூன்று சாட்சிகள் கையொப்பமிட வேண்டும். ஒருவர் பெண்ணின் தாய்மாமன். மற்றொருவர் பெண்ணின் தோழி. மூன்றாவது சாட்சியாக வருமாறு அண்ணாச்சி நம்மைக் கேட்டார். “தம்பி, கூசாமல் சொல்லும், இயலாதென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன்” என்றார். உடனே ‘ஆகட்டும்’ என்று சொல்லியிருக்க வேண்டும். நாம் சொல்லவில்லை. “நாளைக்குச் சொல்லுகிறேன் அண்ணாச்சி” என்றோம். அவர் முகம் சற்றே மாறியதைக் கண்டும் காணாதவர்போல் வீடு திரும்பினோம்.

காரணத்தை மறைப்பானேன்? நம் தங்கைக்கு அப்போது ஓரிடத்தில் வரன் பேசிக்கொண்டிருந்தோம். அவ்விடத்தார் பழமையில் ஊறியவர்கள். திருமண அறிவிப்பு முப்பது நாள் அலுவலகத்தில் ஒட்டப்பட்டிருந்தது. அதனைப் பார்த்துவருவதற்கென்றே நம் தெருவிலிருந்து சிலர் பேருந்தேறிச் சென்று வந்தனர். சாட்சிக் கையெழுத்தும் நாளை ஊர்வாயில் விழும் என்பது நமக்குத் தெரியும். இரவெல்லாம் புரண்டுகொண்டிருந்தோம்.

நம் இல்லாள் அதனைக் கவனித்துக் காரணம் கேட்டாள். சொன்னோம். “நாள் ஒன்றுக்கு நூறு சீட்டில் கையெழுத்துப் போடுகிறீர்கள். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்றுகூடத் திறந்து பார்ப்பதில்லை. அண்ணாச்சி மகளைத் தொட்டிலில் கிடந்த நாள் முதலாய்ப் பார்த்திருக்கிறீர்கள். அங்கே போட மட்டும் கை வரவில்லையா?” என்றாள். அதற்குமேல் உறக்கம் வந்தது என்று சொல்ல இயலாது. ஆனால் விடிந்ததும் அண்ணாச்சி வீட்டுக்குச் சென்று வருவதாகச் சொன்னோம்.

இத்தகைய மணங்கள் நம்மவர்க்கு முற்றும் புதியன அல்ல என்பதையும் இங்கே நினைவூட்ட விரும்புகிறோம். ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னரே இலங்கைத் தமிழரான சர் முத்துக்குமாரசுவாமி, எலிசபெத் பீபி என்னும் ஆங்கிலப் பெண்மணியை மணந்தார். அவர்களுக்கு 1877ஆம் ஆண்டில் கொழும்பில் ஓர் ஆண்மகவு பிறந்தது. இரண்டாண்டுகளில் தந்தை காலமானார். குழந்தையை இங்கிலாந்தில் ஆங்கிலத் தாயே வளர்த்தார். இப்படி வளரும் பிள்ளை நம் நாட்டுக்கு அந்நியனாய்ப் போய்விடும் என்றுதானே எவரும் எண்ணுவர்? அப்பிள்ளைதான் ஆனந்த குமாரசுவாமி. சிவபெருமானின் ஆடற்கோலத்தின் பொருளை உலகம் அறிய ஆங்கிலத்தில் எழுதி, 1918ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டவர் அவரே. இன்று அயல்நாட்டு அரும்பொருட்காட்சிச் சாலைகளில் நடராசத் திருமேனியின் முன் மக்கள் நின்று வியக்கிறார்கள் என்றால், அவர் எழுத்துக்கு அதில் பெரும்பங்கு உண்டு.

மதுரையில் 1904ஆம் ஆண்டில் பிறந்த ருக்மிணி தேவியார், ஜார்ஜ் அருண்டேல் என்னும் ஆங்கிலேயரை 1920ஆம் ஆண்டில் மணந்தபோது சென்னை நகரமே கொதித்தெழுந்தது. அக்கொதிப்பை இன்று நினைப்பார் இலர். அத்தம்பதியர் 1936இல் தொடங்கிய கலாக்ஷேத்திரத்தை அறியாதார் இலர்.

நம் கேரளத்திலும் சான்று உண்டு. உழவூரில் பிறந்த கே. ஆர். நாராயணன் அயலுறவுப் பணியில் இருந்தபோது, பர்மியப் பெண்மணியான டின்ட் டின்ட் அம்மையாரை 1951ஆம் ஆண்டில் மணந்தார். அப்பணியில் உள்ளோர் அயல்நாட்டவரை மணத்தலாகாது என்னும் விதி குறுக்கே நின்றமையால், பிரதமர் நேருவின் தனி அனுமதி வேண்டியிருந்தது. உஷா என்று பெயர் பூண்ட அவ்வம்மையார், 1997 முதல் 2002 வரை குடியரசுத் தலைவரின் துணைவியாராய்த் தில்லி மாளிகையில் வீற்றிருந்தார். மணம் நடந்த அன்று முணுமுணுத்தவர்கள் பிற்காலத்தில் என்ன சொன்னார்களோ, அறியோம்.

திருமணத்துக்கு ஐந்து நாள் முன்னதாக அல்பேனியச் சம்பந்திகள் ஒன்பது பேர் வந்திறங்கினர். மணமகனின் தந்தை, தாய், அக்காள், அத்தை, சிற்றப்பன்மார் என்று குடும்பமாகவே வந்திருந்தனர். அவர்களுக்கு ஆங்கிலம் அரைகுறை. இத்தாலிய மொழி நன்கு வரும். ஆகவே மணப்பெண்ணே துபாஷி.

முதல்நாளே ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. நாகர்கோவில் செல்லும் நாள் இன்னும் வராமையால் ஆச்சி வீட்டில்தான் இருந்தார். வந்தவரைப் பட்டினி போடும் வழக்கம் அவரிடம் இல்லை. மணமகனின் தந்தையாரிடம் இட்டிலித் தட்டை நீட்டி, “இன்னும் இரண்டு வைக்கட்டுமா?” என்று சைகையால் கேட்டார். அவர் மலர்ந்த முகத்தோடு தலையை இருபுறமும் ஆட்டிக்கொண்டே, “போ, போ” என்றார். ஆச்சியின் முகம் சிவந்துவிட்டது. “என் வீட்டில் இருந்துகொண்டு என்னையே போ என்கிறாரே, இது என்ன மரியாதை!” என்று உள்ளே சென்றுவிட்டார். பேத்தி பின்னால் ஓடி விளக்கினாள். அல்பேனிய மொழியில் ‘போ’ என்றால் ‘ஆம்’ என்று பொருளாம். ‘இல்லை’ என்பதற்கு ‘யோ’ என்பராம். மேலும் அந்நாட்டார் ஆம் என்பதற்குத் தலையை இருபுறமும் அசைப்பர். இல்லை என்பதற்கு மேல்நோக்கி அசைப்பர். ஐரோப்பியர் பலருக்கு இது தலைகீழாகத் தோன்றும். நமக்கு அப்படித் தோன்ற வேண்டியதில்லை. நாமும் தலையைப் பக்கவாட்டில் ஆட்டி உடன்பாடு சொல்லும் சாதிதானே! இருவர் தலையசைப்பும் ஒத்துப்போயின. சொல்தான் கலகம் மூட்டியது. மறுநாள் ஆச்சியே பாயசக் கிண்ணத்துடன் வந்து, “போவா, யோவா?” என்று கேட்டார். வீடு முழுதும் சிரித்தது.

மற்றொரு நாள் நாமும் இல்லாளும் விருந்தினரைப் பார்க்கச் சென்றோம். பேச்சோடு பேச்சாக, நம் இல்லாள் நம் தாய்மாமன் மகள் என்பதைப் பெண் சொல்லிவிட்டாள். மணமகனின் தாயார் திடுக்கிட்டார். அல்பேனியரிடையே உறவுக்குள் மணம் பெருங்குற்றம். எத்தனை தலைமுறை தள்ளியிருப்பினும் தந்தைவழி இரத்த உறவில் பெண் கொள்ளலாகாது என்பது வடபகுதி மலைநாட்டாரின் பழைய வழக்காற்று நெறி. கானூன் எனப்படும் அந்நெறிமுறைகளை ஷ்டிஃபென் கியெச்சோவ் என்னும் பாதிரியார் பல்லாண்டு அலைந்து தொகுத்தார். அவர் மறைந்த பின்னர் 1933ஆம் ஆண்டில் அது நூலாயிற்று. அவ்வம்மையார் நம் இருவரையும் மாறி மாறிப் பார்த்த பார்வையை மறக்க இயலாது. ‘இவ்வளவு நல்ல மனிதர்கள், இப்படிச் செய்திருக்கிறார்களே’ என்னும் இரக்கம் அதில் இருந்தது. இத்தனை நாள் நாம் அவர்களை விசித்திர மனிதர்களாக எண்ணியிருந்தோம். அன்று அவ்வம்மையாரின் கண்ணுக்கு நாமே விசித்திரமானோம். நல்ல பாடம்.

விருந்தினர்க்குப் பத்மநாபசுவாமி கோயிலைப் பார்க்க ஆவல். பிற சமயத்தார் உள்ளே செல்ல விதியில்லை. அவர்கள் குடும்பத்தில் தந்தைவழியினர் இஸ்லாமியர். தாய்வழியினர் கிரேக்க முறைக் கிறித்தவர். அந்நாட்டில் இத்தகைய கலப்பு மணங்கள் அரியன அல்லவாம். 1967 முதல் 1990 வரை அந்நாட்டு அரசு வழிபாட்டையே தடைசெய்திருந்தது. கோயிலும் இல்லை, பள்ளிவாசலும் இல்லை. “எங்களைக் கோயிலுக்குள் விடாதது எங்கள் அரசுக்கே பழக்கம், நீங்கள் வருந்த வேண்டாம்” என்று மணமகனின் தந்தையார் சொன்னபோது நாம் வெட்கமும் சிரிப்பும் ஒருங்கே அடைந்தோம். கிழக்குக் கோட்டையருகே நின்று ஏழுநிலைக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தார்கள். வீட்டார் உள்ளே சென்று வரும்வரை நாமும் அவர்களோடு வெளியிலேயே நின்றோம். அன்று நமக்குக் கிடைத்த தரிசனம் அதுவே.

இனி, இக்கட்டுரைக்குக் காரணமான மாலைப்பொழுதைச் சொல்ல வேண்டும்.

ஆச்சி புறப்பட இரண்டு நாள் இருந்தது. திண்ணையில் எல்லோரும் அமர்ந்திருந்தோம். மணமகனின் தந்தையார் தாம் இத்தாலிக்கு வந்த கதையைச் சொன்னார். அவர் நாட்டில் பழைய ஆட்சி சரிந்த காலத்தில், 1991ஆம் ஆண்டு ஆகஸ்டு 8ஆம் நாள், விலோரா என்னும் சரக்குக் கப்பல் ஏறத்தாழ 20,000 பேரைச் சுமந்துகொண்டு இத்தாலியின் பாரித் துறைமுகத்தை அடைந்தது. கம்பத்திலும் கயிற்றிலும் மனிதர்கள் தொங்கிக்கொண்டு வந்த காட்சியை உலகமே படமாகப் பார்த்தது. வந்தவர்களுள் மிகப் பலரை இத்தாலிய அரசு திருப்பியனுப்பியது. இவரும் திருப்பப்பட்டவர், ஈராண்டு கழித்து மறுபடி வந்து, கட்டட வேலை செய்து, காலூன்றினார்.

பிழைப்புக்காக ஊர்விட்டுப் போதலைக் குறிக்க அவர்கள் மொழியில் ‘குர்பெத்’ என்று ஒரு சொல் உண்டாம். போனவன் நிலை, காத்திருப்பவள் நிலை இரண்டையும் பாடும் பாட்டுகள் அதன் பேராலேயே வழங்குகின்றனவாம். “என் தாய் பதினோரு ஆண்டு காத்திருந்தாள். காகிதங்கள் சரியாகாமையால் நான் போக முடியவில்லை” என்றார். அதற்குமேல் அவர் பேசவில்லை, பெண்ணும் மொழிபெயர்க்கவில்லை.

ஆச்சியின் மூத்த மகன் வளைகுடா நாட்டில் ஒன்பது ஆண்டு இருந்தவர். காத்திருத்தல் யாதென்று ஆச்சிக்குக் கற்பிக்க வேண்டியதில்லை. நெடுநேரம் கழித்து ஆச்சி கேட்டார்: “பின்னர் உம்முடைய அம்மா பேரனைப் பார்த்தாளா?”

“பார்த்தாள்.”

“எந்தப் பாஷையில் பேசினாள்?”

கேள்வியின் கூர்மை நமக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. ஆகவே இயல்பாகவே விடை சொன்னார்: “எங்கள் பாஷையில்தான். வாசற்படிக்கு வெளியே இத்தாலிய மொழி. உள்ளே அல்பேனிய மொழி. அது என் வீட்டுச் சட்டம். என் மகன் பாரியில் பிறந்தவன். ஆனால் பாட்டிக்குக் கடிதம் எழுதியவன்.” பின்னர் மற்றொன்றும் சொன்னார். துருக்கியர் படையெடுப்புக் காலத்தில், 15ஆம் நூற்றாண்டில், அல்பேனியர் சிலர் கடல் கடந்து தென்னித்தாலி மலையூர்களில் குடியேறினர். அவர்களை ஆர்பரேஷ் என்பர். ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அவ்வூர்களில் பழைய அல்பேனிய மொழி வழங்குகிறது. 1999ஆம் ஆண்டில் இத்தாலிய அரசு அதனைச் சிறுபான்மை மொழியாகச் சட்டப்படி ஏற்றது.

ஆச்சி பேத்தியைப் பார்த்தார். “இதே சட்டம்தான் எங்கள் வீட்டிலும், ஆச்சி. ஒருவேளை இரண்டு சட்டம்” என்றாள் அவள்.

அப்போது மணமகனின் தாயார், சிறிதும் களங்கமின்றி, நம்மைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்: “நீங்களும் தமிழ்நாட்டை விட்டு வந்து பல தலைமுறை ஆயிற்றென்று சொல்கிறார்கள். இத்தெருப் பிள்ளைகள் எல்லோரும் தமிழ் எழுதுவார்களா?”

திண்ணையில் ஒருவரும் வாய்திறக்கவில்லை.

வாசகர்களே, நாம் உண்மையில் எங்கும் போனவர்களல்லர். நம் பாட்டனார் நாகர்கோவிலிலிருந்து கரமனைக்கு வந்தபோது இரண்டும் ஒரே அரசில் இருந்தன. 1956 நவம்பர் 1ஆம் நாள் கன்னியாகுமரிப் பகுதி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. உட்கார்ந்த இடத்தில் இருந்தபடியே நாம் வேற்று மாநிலத்தாரானோம். நாகர்கோவில் இங்கிருந்து ஏறக்குறைய 70 கிலோமீட்டர். 1979 முதல் இரயிலும் ஓடுகிறது. கடல் இல்லை, கப்பல் இல்லை, திருப்பியனுப்பும் அரசு இல்லை. அப்படியிருந்தும் நம் ஒன்பது வயது மகன் மலையாளம் எழுதுகிறான், ஆங்கிலம் எழுதுகிறான். தமிழ் பேசுகிறான், எழுதத் தெரியாது. நாம் எழுதும் இப்பகுதியை அவனுக்கு அவன் தாய் படித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. மலையாளம் கற்பது குற்றமன்று. அது நமக்குச் சோறிடும் மொழி, அழகிய மொழி. தமிழைக் கற்பிக்காதது நம் சோம்பலேயன்றி வேறில்லை. அல்பேனியர் ஒருவர் வந்து நம் பேத்தியின் தமிழைக் கெடுத்துவிடுவார் என்று அஞ்சிக்கொண்டிருந்தோம். நம் வீட்டில் அதனைக் கெடுக்க எந்த அந்நியரும் வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் காலை ஆச்சி நம்மைக் கூப்பிட்டனுப்பினார். “மக்களே, அந்த டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடு. பிடித்தம் போனால் போகிறது” என்றார். பிடித்தம் எவ்வளவு என்று நாம் சொல்லவில்லை.

திருமண அலுவலர் முன்னிலையில் நடந்தது மிகச் சிறிய சடங்கு. ஆயினும் நம் நெஞ்சில் நிற்பது. ஒருவரையொருவர் சட்டப்படி வாழ்க்கைத் துணையாக ஏற்பதாக மணமக்கள் வாயால் சொல்ல வேண்டும். அவர்கள் இருவரும் அறிந்த எம்மொழியிலும் அதனைச் சொல்லலாம் என்பது சட்டம். மணமகன் தமிழில் சொன்னார். ‘ழ’கரம் வாராத வாக்கியமாகப் பார்த்துப் பெண் அமைத்துக் கொடுத்திருந்தாள்! பெண் அல்பேனிய மொழியில் சொன்னாள். மலையாளியான அலுவலர் இரண்டையும் கேட்டுப் புன்னகைத்துப் பதிவேட்டை நம்பக்கம் திருப்பினார். மூன்றாவது சாட்சியாகக் கையெழுத்திட்டோம். பார்சல் சீட்டில் கிறுக்குவதுபோலன்றி முழுப்பெயரும் விளங்க எழுதினோம்.

மறுநாள் மண்டபத்தில் தாலிகட்டும் விருந்தும். நாகர்கோவிலிலிருந்து உறவினர் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே வந்தனர். வந்தவர் மனநிறைவோடு வந்தனர். அவியலும் எரிசேரியும் கடந்து, போளியைப் பிட்டுப் பால்பாயசத்தில் தோய்க்கும் கட்டம் வந்தபோது விருந்தினர் பேச்சை நிறுத்திவிட்டனர். அவர்கள் தம் ஊரிலிருந்து கொணர்ந்த பக்லவா என்னும் இனிப்பைப் பந்தியில் பரிமாறினார்கள். ஆச்சி சுவைத்துவிட்டு, “தேன் கொஞ்சம் கூடுதல்” என்று தீர்ப்பளித்தார்.

மாலையில் அவர்கள் வழக்கப்படி கைகோத்து வட்டமாக ஆடினர். ‘வாலே’ என்பது அவ்வாடலின் பெயர். முன்னே செல்பவர் கையில் கைக்குட்டையைச் சுழற்றிக்கொண்டு வழிநடத்துவார். அவர்கள் ஊர்க் கிளாரினெட்டும் பறையும் இல்லை. நம் தவில்காரர் இரண்டு சுற்றுக் கவனித்து அடியைப் பிடித்துக்கொண்டார். “இது நம் கும்மிதானே!” என்று ஆச்சி சொன்னார். மணமகனின் தாயார் அவரைக் கைப்பிடித்து எழுப்பினார். ஆச்சி வட்டத்தில் நான்கடி வைத்தார். போதும் என்று அமர்ந்தார்.

சம்பந்தி என்னும் சொல்லுக்கு ஆங்கிலத்தில் நேர்ச்சொல் இல்லை என்று நாம் பெருமைப்படுவதுண்டு. அல்பேனிய மொழியில் உண்டு. ‘க்ருஷ்க்’ என்பர். பெண்ணை அழைத்துப்போக வரும் மாப்பிள்ளை வீட்டாரையும், மணத்தால் உறவான இரு குடும்பத்தாரையும் அச்சொல் குறிக்கும். அண்ணாச்சியும் மணமகனின் தந்தையாரும் விடைபெறும்போது, ஒருவர் ‘சம்பந்தி’ என்றார், மற்றவர் ‘க்ருஷ்க்’ என்றார். அதற்குத் துபாஷி வேண்டியிருக்கவில்லை.

அன்பர் சிலர் வினவியமையால் சட்ட விவரங்களைச் சுருக்கமாகத் தருகிறோம். தனித் திருமணச் சட்டப்படி ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 வயது நிறைந்திருத்தல் வேண்டும். மணமக்களுள் ஒருவரேனும் அறிவிப்புக்கு முன் 30 நாள் அம்மாவட்டத்தில் வசித்திருத்தல் வேண்டும். அறிவிப்பு வெளியிட்ட நாளிலிருந்து 30 நாள் கழிய வேண்டும். அறிவிப்புக் கொடுத்து மூன்று மாதத்துக்குள் மணம் முடிக்காவிடில் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆகவே இரண்டு வார விடுமுறையில் வந்து முடித்துவிடலாம் என்று எண்ணுவோர் ஏமாறுவர். அயல்நாட்டிலேயே இந்தியத் தூதரகத்தில் மணம்புரிய விரும்புவோர்க்கு 1969ஆம் ஆண்டின் அயல்நாட்டுத் திருமணச் சட்டம் உள்ளது. அதற்கு இருவருள் ஒருவராவது இந்தியக் குடியுரிமை உடையவராதல் வேண்டும். இந்தியரை மணந்த அயல்நாட்டவர், மணம் பதிவாகி ஈராண்டு நிலைத்த பின்னர், கடல்கடந்த இந்தியக் குடிமகன் அட்டைக்கு விண்ணப்பிக்கலாம்.

ஒன்று சொல்ல எஞ்சியுள்ளது. நம் தங்கைக்குப் பேசிக்கொண்டிருந்த வரன் கைகூடவில்லை. ‘சாதகம் பொருந்தவில்லை’ என்று சொல்லியனுப்பினர். முன்பு பொருந்தியிருந்த சாதகம்தான். உண்மைக் காரணத்தை நாம் கேட்கவில்லை; அவர்களும் சொல்லவில்லை. தங்கையிடம் குற்றவுணர்வோடு நின்றோம். “சாட்சிக் கையெழுத்துக்கு அஞ்சும் வீட்டுக்குப் போய் நான் என்ன செய்வேன், அண்ணா?” என்று அவள் கேட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கச் சென்றாள். நம்மினும் இளையவள், நம்மினும் தெளிந்தவள். நல்லிடம் ஒன்று அமையும் என்று நம்புகிறோம்.

ஞாயிறுதோறும் மாலை நான்கு மணிக்கு நம் வீட்டுத் திண்ணையில் மகனுக்குத் தமிழெழுத்துக் கற்பிக்கத் தொடங்கியிருக்கிறோம். இரண்டாம் வாரத்தில் அண்டை வீட்டுப் பிள்ளைகள் மூவர் வந்தனர். இத்தாலியிலிருந்து ஒருவர் கைப்பேசி வழியாகச் சேர்ந்துகொள்கிறார். அண்ணாச்சியின் மருமகன்தான். ‘அ’னாவை நம் மகனைவிட அழகாக எழுதுகிறார் என்பதை வருத்தத்தோடும் மகிழ்வோடும் தெரிவித்துக்கொள்கிறோம். ‘ழ’கரத்துக்கு ஆச்சி பொறுப்பேற்றிருக்கிறார்.

புகைவண்டி இடஒதுக்கீட்டைப் பற்றி அடுத்த திங்கள் தவறாது எழுதுவோம்.